காக்கா பிடிச்ச கதை – அண்ணாமலையார் சாட்சி

ஆங்கிலத்தில் ஃப்ளாட்டர்னு ஒரு வினைச்சொல். அகராதியைத் திறந்தா 'முகஸ்துதி செய்'னு ஒரு வரியில் முடிச்சிடுவாங்க. ஆனா பேச்சில் அந்தச் சொல் போடுற வேஷம் கொஞ்சநஞ்சமில்லை. மேனேஜரைப் பார்த்து "உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க இந்த டீம் குடுத்து வச்சிருக்கணும்"னு சொன்னா அது ஃப்ளாட்டர். நம்மளை யாராவது பேசக் கூப்பிட்டா "ஐ ஆம் ஃப்ளாட்டர்ட்"னு சொல்றோமே, அதில் பொய்யே கிடையாது. ரொம்ப கௌரவமா நினைக்கிறேன்னுதான் அர்த்தம். இதை 'நான் முகஸ்துதி செய்யப்பட்டேன்'னு மொழிபெயர்த்தா கூப்பிட்டவர் அடிக்க வருவார். ஒரு சட்டை நமக்கு ஃப்ளாட்டரிங்னா எடுப்பா இருக்குன்னு அர்த்தம், அதாவது இருக்கிற தொப்பையை மறைக்குதுன்னு :-) கிரிக்கெட் வர்ணனையில் 'ஃப்ளாட்டர் டு டிசீவ்'னு ஒண்ணு வரும். முதல் அஞ்சு ஓவர் பிரமாதமா ஆடி, நாம சீட் நுனிக்கு வந்ததும் சொதப்புற அணிக்கு அது.

இது எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்ச பிரயோகம் ஒண்ணு இருக்கு. ஒருத்தன் தன்னைத்தானே ஃப்ளாட்டர் செஞ்சுக்கிறது. புகழுறவனும் அவனே, கேட்டு மயங்குறவனும் அவனே. தமிழ்ல இதுக்கு ஒத்தைச் சொல் தேடிப் பார்த்தேன், 'தன்னைத்தானே மெச்சிக்கிறது'ன்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

இந்தச் சொல்லோட வேர் இன்னும் சுவாரசியம். பழைய பிரெஞ்சு வழியா 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. மூல அர்த்தம் உள்ளங்கையால தடவுறது, நீவி விடுறதுன்னு சொல்றாங்க. பூனையைத் தடவினா கண்ணை மூடிட்டு ஒரு சத்தம் போடுமே, அதேதான். இதைப் படிச்சதும் எனக்குச் சட்டுனு ஞாபகம் வந்தது நம்ம 'அடிவருடி'. அடி, அதாவது பாதம். வருடுறதுன்னா தடவுறது. எங்கேயோ இருக்கிற பிரான்ஸ்காரனும் நம்ம ஆளும் ஒரே கையைத்தான் பார்த்திருக்காங்க. அவன் முதுகைத் தடவியிருக்கான், நாம காலைத் தடவியிருக்கோம், அவ்வளவுதான் வித்தியாசம். 'காக்கா பிடிக்கிறது' கூட 'கால் கை பிடிக்கிறது' மருவி வந்ததுன்னு சொல்லுவாங்க. பாவம், காக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ்ல இதுக்குன்னு ஒரு பெரிய படையே இருக்கு. ஐஸ் வைக்கிறது, சோப்பு போடுறது, தாஜா பண்றது, கூஜா தூக்குறது, அப்புறம் புதுசா வந்த சொம்பு. பழைய ஆட்கள் இச்சகம்னு சொல்லுவாங்க. கோயில் ஊரில் நின்னு யோசிச்சா இன்னொண்ணு புலப்படும். ஜால்ரா, சிங்கி, ஒத்து, மூணும் கோயிலிலும் பஜனையிலும் புழங்குற சாமான். பாடுறவர் எங்கே போனாலும் கூடவே போய்த் தாளம் தட்டுறது ஜால்ரா. நாதஸ்வரக்காரர் எந்த ராகம் வாசிச்சாலும் பக்கத்தில் நின்னு ஒரே சுருதியை விடாம ஊதுறது ஒத்து. ஆபீஸ்ல மீட்டிங் முழுக்கத் தலையாட்டுற ஆளுக்கு இதை விடப் பொருத்தமா எவன் பேர் வைக்க முடியும்? (ஒத்து ஊதுறவர் மூச்சு விடாம ஊதணும், அது நிஜமாவே கஷ்டமான வேலை. உவமையில் அவருக்கு அநியாயம் நடந்திருக்கு.)

இனி சொல்லை விட்டுட்டு ஊருக்கு வருவோம். திருவண்ணாமலைன்னா நமக்கு தீபம், கிரிவலம், ரமணர். ஆனா புகழ்ச்சியோட வரலாற்றை ஒரே மாவட்டத்துக்குள்ள சுத்திப் பார்த்துட முடியும்னா அது இங்கேதான். கொஞ்சம் பெரிய பதிவு, டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முதல்ல செங்கம். திருவண்ணாமலைக்கு மேற்கே பெங்களூர் போற வழியில் இருக்கே, அதேதான். சங்க காலத்தில் அதுக்கு செங்கண்மான்னு பேர். அங்கே ஆண்ட நன்னன் மேல பெருங்கௌசிகனார் பாடினது மலைபடுகடாம், 583 அடி. பரிசு வாங்கிட்டு வர்ற கூத்தர், எதிரே வறுமையோட வர்ற கூத்தரைப் பார்த்து "நன்னன்கிட்ட போ"ன்னு அனுப்புற ஆற்றுப்படை. அதில் வர்ற நவிரமலை நம்ம பர்வதமலைன்னு சொல்றாங்க. வள்ளலைப் புகழுற பாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனா அதுல பெரும்பங்கு வழி சொல்றதிலேயே போகுது. எங்கே பன்றிக்குப் பொறி வச்சிருக்காங்க, எங்கே பாம்பு இருக்கும், எந்தப் பாறை பாசி படிஞ்சு வழுக்கும், தினைப்புனம் காக்கிறவன் யானையை விரட்ட வீசுற கல் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவாங்க. கூகுள் மேப்ல கூட இவ்வளவு கிடைக்காது.

நான் இதைத் திரும்பத் திரும்பப் படிச்சப்போ தோணினது இதுதான். ஒரு மனுஷனைப் புகழணும்னா அவன் ஊருக்குப் போற வழியில் கால் வழுக்குற இடத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொல்றாரு. ஏன்னா கேட்கிறவன் பசியோட நடந்து போகப்போற இன்னொரு கூத்தன். வழி தப்பினா அவன் கால்தான் உடையும். புகழ்ச்சியை நம்பி ஒருத்தன் மலையேறப் போறான்னா பொய் சொல்றதுக்கு ஒரு எல்லை வந்துடுது.

செங்கத்தைத் தாண்டி அப்படியே போனா தர்மபுரி, பழைய தகடூர், அதியமான் ஊர். அங்கேயிருந்து காஞ்சித் தொண்டைமான்கிட்ட தூது போன ஔவையார் கதை ஸ்கூல்லயே படிச்சிருப்போம். உங்க ஆயுதமெல்லாம் நெய் பூசி மாலை போட்டுப் பளபளன்னு இருக்கு, எங்காளு ஆயுதமெல்லாம் நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்குன்னு சொல்லுவாங்க. கேட்கும்போது பாராட்டு, யோசிச்சா செருப்படி. இலக்கணக்காரங்க இதுக்கு வஞ்சப்புகழ்ச்சின்னு பேர் வச்சாங்க. இதுவும் உண்மையில்லாத புகழ்தான், ஆனா யாரையும் ஏமாத்தலை. பொய்யை வச்சு நிஜத்தைச் சொன்னது.

இப்போ மறுபக்கம், வந்தவாசி ஏரியா. வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் தெள்ளார்னு ஒரு ஊர், இன்னிக்கு திருவண்ணாமலை மாவட்டம். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் அங்கேதான் பாண்டியனைத் தோற்கடிச்சான். அந்த ஒரு வெற்றியை வாழ்நாள் பூரா பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டான், கல்வெட்டுகளில் அவன் தெள்ளாறெறிந்த நந்திவர்மன். அவன் மேல பாடினது நந்திக்கலம்பகம். பாடினவர் பேர் நமக்குக் கிடைக்கலை. கதைதான் கிடைச்சிருக்கு.

அந்தக் கதைப்படி, அவனைக் கொல்ல நினைச்ச சொந்தத் தம்பி ஒருத்தன்தான் அதைப் பாடினவன். சண்டையில் ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் புகழ்ந்தே கொல்லப் பார்த்தானாம். அறம் வச்சுப் பாடுறதுன்னு சொல்லுவாங்க, பாட்டுக்குள்ள சாவை மறைச்சு வைக்கிறது. ராஜாவுக்கும் விஷயம் தெரிஞ்சுடுது. இந்தப் பாட்டை முழுசாக் கேட்டா செத்துடுவோம்னு தெரிஞ்சும் கேட்டே ஆகணும்னு முடிவு பண்றான். வரிசையாப் பந்தல் போட்டு ஒவ்வொண்ணா உட்கார்ந்து கேட்க, பாட்டு முடிய முடியப் பந்தல் எரியுது. கடைசிப் பாட்டைச் சிதை மேல உட்கார்ந்து கேட்டு சாம்பலாகிறான்.

இது வரலாறு இல்லை, பின்னால கட்டின கதைதான். ஆனா முகஸ்துதியைப் பத்தி இதை விடச் சரியா யாரும் எழுதினதா எனக்குத் தெரியலை. பொய்யாப் புகழுறவனை எல்லாரும் திட்டுறோம். எரியுற பந்தலைப் பார்த்துட்டே "ம், அடுத்த பாட்டு"ன்னு கேட்டவனை யாரும் திட்டுறதில்லை. காப்பியடிக்க ஆள் இருக்கிறதால மட்டும் பிட்டு ஓடாது சார், சூப்பர்வைசரும் கண்ணை மூடணும். (பின்னூட்டத்தில் வர்ற 'அருமை'யை ரெண்டு தடவை படிக்கிற நமக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

சரி, கோயிலுக்குள்ள போவோம். அண்ணாமலையார் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. 1990இல் பி.ஆர். சீனிவாசன் இந்தக் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் புத்தகமாப் போட்டது. சோழர், காடவர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரம்னு எல்லாரும் இருக்காங்க. இந்த மாதிரிக் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு குடுத்தது, நிலம் குடுத்ததுன்னு விஷயம் ரெண்டு வரிதான் இருக்கும். அதுக்கு முன்னாடி ராஜாவைப் பத்தின புகழ் பத்து வரிக்குப் போகும். அந்தப் புகழுக்குப் பேர் மெய்க்கீர்த்தி. பேரிலேயே 'மெய்'! யாரோ குசும்பு பிடிச்சவர்தான் பேர் வச்சிருக்கணும்.

காலேஜ்ல கல்வெட்டு படிக்க ஆசைப்பட்ட காலத்தில் எனக்கு இந்தப் பகுதி வந்தாலே கடுப்பா இருக்கும். திருமகளும் நிலமகளும் இவன் மனைவிகள், எல்லாத் திசையிலயும் கொடி பறக்குது, விஷயத்துக்கு வாங்கப்பான்னு தோணும். அப்புறம்தான் இந்த முகஸ்துதி இல்லைன்னா சோழர் வரலாறே தள்ளாடும்னு புரிஞ்சது.

காரணம் இதுதான். முதலாம் ராஜராஜனுக்கு (985–1014) முன்னாடி சோழர்கள் ஒருத்தர் விட்டு ஒருத்தர் பரகேசரி, ராஜகேசரின்னு பட்டம் மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க. பல கல்வெட்டில் 'கோப்பரகேசரிக்கு யாண்டு ஆறு'ன்னு மட்டும் இருக்கும். எந்தப் பரகேசரி? அப்பனா, பேரனா? ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கும் மண்டையை உடைச்சுக்கிறாங்க. ராஜராஜன் வந்து தன்னைப் பத்தின புகழை ஒரே வாசகமா எழுதி எல்லா ஊர்க் கல்லிலும் வெட்ட வச்சான். முதல்ல காந்தளூர்ச்சாலை, அப்புறம் வேங்கை நாடு, கங்கபாடி, ஈழம்னு ஜெயிக்க ஜெயிக்க வாசகம் நீண்டுக்கிட்டே போச்சு. மகன் ராஜேந்திரனுக்கும் அப்படித்தான், பதினாலாம் ஆண்டில் கடாரம் வந்து சேரும். அதனால ஆட்சியாண்டு சிதைஞ்சு போன கல்வெட்டுல கூட, மெய்க்கீர்த்தி எது வரைக்கும் வந்திருக்குன்னு பார்த்து சுமாரா வருஷம் சொல்லிடலாம். நம்ம பாஷையில் சொன்னா ரிலீஸ் நோட்ஸ். வெர்ஷன் நம்பர் அழிஞ்சு போச்சு, ஆனா என்னென்ன ஃபீச்சர் இருக்குன்னு பார்த்தா எந்த வெர்ஷன்னு கண்டுபிடிச்சிடலாமே, அது மாதிரி. (அப்ரைசலுக்கு நாமளே நம்மளைப் பத்தி எழுதிக் குடுக்கிற ஃபாரமும் மெய்க்கீர்த்திதான். "திருமகள் போல கிளையண்ட்டும் தனக்கே உரிமை பூண்டு" அளவுக்கு எழுதுற ஆட்களை எனக்குத் தெரியும்.)

ஆக, அந்தப் புகழ் ராஜாவை மயக்க எழுதினது. ஆயிரம் வருஷம் கழிச்சு அது வேற வேலைக்கு உதவுது. ஆனா அதை அப்படியே நம்பிடக் கூடாது. அதுக்கு ஒரு நல்ல உதாரணம், கொஞ்சம் தெற்கே போகணும்.

மூன்றாம் ராஜராஜன் 1216இல் பட்டத்துக்கு வந்த சோழன். பாட்டன் காலத்துச் செல்வாக்கு எல்லாம் கரைஞ்சு போன நேரம். உளுந்தூர்பேட்டை பக்கம் சேந்தமங்கலத்தில் காடவன் கோப்பெருஞ்சிங்கன். 1231 வாக்கில் இந்தக் காடவன் சோழ ராஜாவையே பிடிச்சு சேந்தமங்கலத்தில் சிறை வச்சுட்டான். ஹொய்சள நரசிம்மன் தன் தளபதிகளை அனுப்பி மீட்டான். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கடலூர்கிட்ட திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு சொல்லுது. அந்தக் கல்வெட்டு எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? திரிபுவனச் சக்கரவர்த்தி ராஜராஜ தேவருக்கு இத்தனையாவது ஆண்டுன்னு. மூணு உலகத்துக்கும் சக்கரவர்த்தின்னு ஆரம்பிச்ச அதே கல்லில், அவரைப் பிடிச்சு உள்ளே வச்சாங்க, படையோட போய் அவரை மீட்டு வந்தோம்னு வருது!

இதை முகஸ்துதின்னு சொல்றதா? எழுதின ஹொய்சளத் தளபதிகளுக்கு ராஜராஜனைக் காக்கா பிடிச்சு ஆகவேண்டியது எதுவும் இல்லை, காப்பாத்தினதே அவங்கதான். அது வெறும் தேதி போடுற முறை. நாம லெட்டர் எழுதும்போது 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு போடுறோமே, மனசுக்குள்ள மதிப்பு இருக்கா என்ன? திரும்பத் திரும்பச் சொன்ன புகழ் ஒரு கட்டத்தில் பொய்யாக் கூட இருக்கிறதில்லை. காலியான டப்பா ஆயிடுது. இதுல உச்சகட்ட காமெடி, சிறை வச்ச கோப்பெருஞ்சிங்கன் அப்புறம் எடுத்துக்கிட்ட பட்டம் 'சகலபுவனச் சக்கரவர்த்தி'. அவர் மூணு உலகம்னா இவர் எல்லா உலகமும். இவர் காலத்துக் கல்வெட்டுகளும் நம்ம அண்ணாமலையார் கோயிலில் இருக்கு.

இப்படிக் காசுக்கும் பதவிக்கும் மனுஷனைப் புகழுறதை வெளிப்படையாத் திட்டினவங்களும் நம்மகிட்ட உண்டு. சுந்தரர் திருப்புகலூர்ப் பதிகத்தில் புலவர்களைப் பார்த்தே பேசுவார். பலம் இல்லாதவனை வீமன்னு சொன்னாலும் ஈயாதவனைப் பாரின்னு சொன்னாலும் ஒண்ணும் குடுக்க மாட்டான், அதுக்குப் புகலூர் சாமியைப் பாடுங்கன்னு. நம்மாழ்வாரும் மனுஷரைப் பாட மாட்டேன்னு ஒரு பத்து பாடினார். இந்த வரிசையில் திருவண்ணாமலைக்காரர் அருணகிரிநாதர். அவர் பாட்டுத் தொகுதிக்குப் பேரே திருப்புகழ். கருமிகளைக் கர்ணன், கற்பகத்தருன்னு பாடி அவன் வாசலில் காத்துக்கிடக்கிற புலவர் பிழைப்பை அவர் திருப்புகழ்ல பல இடத்தில் வறுத்தெடுப்பார். சொந்த அனுபவமோன்னு சந்தேகப்படுற அளவுக்கு விலாவாரியா இருக்கும்.

ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைஞ்சதும் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பக்கத்தில் கம்பத்து இளையனார் சன்னதி. அதுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. ராஜா பிரபுடதேவராயன் சபையில் சம்பந்தாண்டான்னு ஒரு தேவி உபாசகன். செல்வாக்கான ஆள், அருணகிரியாரைக் கண்டா ஆகாது. உன் முருகனை எல்லார் கண்ணுக்கும் காட்டுன்னு சவால் விட, அருணகிரி பாட, முருகன் தூணிலிருந்து வெளிப்பட்டார். அரசவையில் ராஜா காதைப் பிடிச்சு வச்சிருக்கிறவனும் வெளியே நின்னு பாடுறவனும் மோதுற கதையாவே இதை நான் படிக்கிறேன்.

இனி ட்விஸ்ட். அருணகிரிநாதர் எந்தக் காலம்? 15ஆம் நூற்றாண்டுன்னு எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அவர் ஆண்டு போட்டா எழுதினார்? இல்லை. ஒரு திருப்புகழில் முருகனை ஆடி வரக் கூப்பிடும்போது, ஆதிசேஷன் ஆட, சிவன் ஆடன்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்து, பிரபுடதேவ மகாராயர் மனசும் மகிழ்ந்து ஆடணும்னு ராஜா பேரையும் சேர்த்துட்டார். அந்த ராஜா விஜயநகரத்து இரண்டாம் தேவராயன், ஆட்சி 1422 முதல் 1446 வரைன்னு வச்சுத்தான் அருணகிரியார் காலத்தையே கணக்குப் போடுறாங்க. மனுஷனைப் பாடாதேன்னு புலவர்களைத் திட்டித் தீர்த்த மகானோட தேதி, ஒரு மனுஷன் பேரைப் பாட்டில் வச்சதால கிடைச்சிருக்கு!

இதை முகஸ்துதின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ராஜாவை இந்திரன் சந்திரன்னு அவர் சொல்லலை. சாமி வரும்போது அந்த ஆளும் சந்தோஷப்படட்டும்கிறார். பரிசு கேட்கலை, நல்லது கேட்கிறார். ஆனா சபையில் சம்பந்தாண்டான் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தா என்ன நினைச்சிருப்பான்? "பாரு, அவனும் நம்ம வேலையைத்தான் பண்றான்"னு சிரிச்சிருப்பான்ல? வெளியே நின்னு பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த இடத்தில் எனக்கு இன்னும் தெளிவு வரலை, உங்களுக்கு வந்தா சொல்லுங்க.

கடைசியா வல்லாளன். கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை 217 அடி, கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆரம்பிச்சது. அதைத் தாண்டி உள்ளே போனா வல்லாள மகாராஜா கோபுரம். ஹொய்சளரோட கடைசிப் பெரிய ராஜா மூன்றாம் வீரவல்லாளன். வடக்கிருந்து டெல்லிப் படை, தெற்கே மதுரை சுல்தான், நடுவில் சிக்கினவர். கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையையே தலைநகராக்கிக்கிட்டு இங்கேயே இருந்தார்.

அவர் முடிவை நமக்குச் சொல்றவர் இப்னு பதூதா. எண்பது வயசைத் தாண்டின அந்தக் கிழவர் 1342 வாக்கில் திருச்சிகிட்ட கண்ணனூரை முற்றுகையிட்டு, ஜெயிக்கிற நேரத்தில் மதுரை சுல்தான் கியாசுதீனோட திடீர்த் தாக்குதலில் மாட்டினார். விட்டுடுறோம்னு ஆசை காட்டி யானை, குதிரை, சொத்து எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, அப்புறம் கொன்னு தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு மதுரை மதில் மேல தொங்கவிட்டாங்க. தொங்கினதைத் தானே பார்த்ததா இப்னு பதூதா சொல்றார். இத்தனைக்கும் அந்த சுல்தான் அவருக்குச் சகலை முறை. சகலைன்னு பூசி மெழுகலை, அந்த ஆளோட கொடூரங்களை வெளிப்படையா எழுதியிருக்கார். 1355இல் மொராக்கோவில் பத்திரமா உட்கார்ந்துதான் எழுத வச்சார், சரி, இருந்தாலும் எழுதினாரே :-)

மூணு, நாலு வருஷத்துக்குள்ள ஹொய்சள வம்சமே இல்லாமப் போச்சு. அதாவது வல்லாளனைப் புகழ்ந்தா தங்கம் குடுக்கவோ, புகழாட்டி தலையை எடுக்கவோ ஆள் கிடையாது. இப்போதான் ஊர் பேச ஆரம்பிக்குது. முதல் கதை அவரைக் கிண்டல் பண்ற கதை. கோபுரம் கட்டி முடிச்ச கர்வம் வந்துடுச்சாம், அதனால திருவிழாவில் அண்ணாமலையார் அந்தக் கோபுர வழியா வரமாட்டேன்னுட்டாராம். ராஜா தப்பை உணர்ந்து அழுதப்புறம்தான் பத்தாம் நாள் வந்தாராம். உயிரோட இருக்கிற ராஜாவைப் பத்தி இப்படி ஒரு கல்வெட்டு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

ரெண்டாவது கதை, சைவ எல்லப்ப நாவலரோட அருணாசல புராணத்தில் இருக்கு. பிள்ளையில்லாத வல்லாளனைச் சோதிக்க சிவன் அடியார் வேஷத்தில் வர்றார். ராஜா குடுத்த வாக்கைக் காப்பாத்த இளைய ராணி சல்லமாதேவி அவரைத் தொடப்போக, குழந்தையா மாறிடுறார். கையில் எடுத்துக் கொஞ்சுறதுக்குள்ள மறைஞ்சும் போறார். போகும்போது, உனக்கு மகனா இருந்து கடைசிக் காரியத்தை நானே செய்றேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போறார்.

மதுரை மதிலில் தொங்கின அந்தக் கிழவரோட உடம்புக்கு யார் கொள்ளி வச்சிருக்க முடியும்? அதைப் பத்தி அந்தப் புராணம் மூச்சு விடலை. ஆனா ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்னிக்கு அண்ணாமலையார் ஊரை விட்டுக் கிளம்பி பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்து ஆத்தங்கரைக்குப் போறார். அங்கே வல்லாளனுக்கு மகன் முறையில் திதி குடுத்துட்டு, தீர்த்தவாரி முடிச்சு, திரும்பக் கோயிலுக்கு வர்றார். அடுத்த மாசி மகத்துக்கு லீவு கிடைச்சா நேர்லயே போய்ப் பார்த்துட்டு வரணும். ஆணி அதிகம் இல்லைன்னா நீங்களும் வாங்க.